ரீஃப் டாங்கில் சிவப்புத் தட்டைப்புழு: முதலில் சைஃபன், கடைசியில் மருந்து

ரீஃப் டாங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்து ஆறேழு மாதம் ஆனவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, மணல் மேல துருப்பிடிச்ச மாதிரி சின்னச் சின்னதா என்னமோ ஒட்டியிருக்கு. கண்ணாடியில கூட ஊர்ந்து ஏறுது. என்ன மருந்து ஊத்தணும்?"

"இன்னைக்கு எதையும் ஊத்தாதீங்க" என்றுதான் முதலில் சொல்வேன். அது பெரும்பாலும் சிவப்புத் தட்டைப்புழுவாக இருக்கும். இந்தப் புழு உயிரோடு இருந்து செய்கிற கெடுதல் மெதுவானது. ஆயிரக்கணக்கில் ஒரே மணி நேரத்தில் செத்தால் அது செய்கிற கெடுதல் உடனடியானது. செத்த புழுவின் உடலிலிருந்து வெளியேறும் நச்சு, தொட்டியில் இருக்கிற மீன்களை ஒரே மாலையில் கொன்றுவிடும். மருந்து நல்ல மருந்துதான், அதை ஊற்றும் நேரம்தான் தவறிப்போகிறது. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வரிசைதான்: புழுவை அடையாளம் காண்பது, கையால் எண்ணிக்கையைக் குறைப்பது, பிறகு மருந்து, அதன்பின் மறுபடி வராமல் காவல். நடுவில் எதையும் தாண்டிக் குதிக்காதீர்கள். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நம் ஊர் வெயில், நம் ஊர் கரண்ட், நம் ஊர் தண்ணீர் மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு.

இது அந்தப் புழுதானா?

சிவப்புப் பிளனேரியா என்று எல்லோரும் சொல்லும் புழு அரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக வளராது. துரு நிறம், அல்லது செம்பழுப்பு. உடல் தட்டையாக, பின்பக்கம் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். இந்த மூன்று மடல்தான் நல்ல அடையாளம். போன் கேமராவைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். பகலில் விளக்கு நன்றாக எரியும்போது வெளிச்சம் விழும் இடத்துக்கு வந்து கூட்டமாகப் படுத்திருக்கும். காரணம், அதன் உடலுக்குள் பாசி வாழ்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில் புழுவுக்கும் பங்கு. போதாததற்கு, தொட்டியில் இருக்கும் கோபிபாட் போன்ற குட்டி உயிர்களையும் பிடித்துத் தின்னும். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட்டின் ஓட்டம் நேராக அடிக்கிற இடத்தில் அதிகம் இருக்காது. தண்ணீர் தேங்கும் மூலை, பாறையின் மறைவுப்பக்கம், கீழே வடிகட்டுவதற்கு வைக்கும் தொட்டியான சம்பின் அமைதியான அறை, இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள்.

பவளத்தை இது கடித்துத் தின்பதில்லை. ஆனால் சோவாந்தஸ், மஷ்ரூம் போன்ற பவளங்கள் மேல் போர்வையாகப் படர்ந்தால் வெளிச்சம் மறைந்துபோகும், பூப்போல விரியும் பாலிப் விரியாது, நாளடைவில் சுருங்கும்.

இதன் அறிவியல் பெயர் கன்வோலுட்ரிலோபா ரெட்ரோஜெம்மா. 1988-இல் விவரிக்கப்பட்டது. இதன் பின்பகுதியில் மொட்டு முளைக்கும். அந்த மொட்டின் தலை, தாய்ப்புழுவின் தலைக்கு நேர் எதிர்த்திசையைப் பார்த்திருக்கும். முற்றியதும் பிரிந்து தனிப் புழுவாக ஊர்ந்து போய்விடும். ஜோடி தேவையில்லை. தொட்டியில் ஒரே ஒரு புழு தப்பினாலும் போதும், சில வாரங்களில் மறுபடி கூட்டமாகிவிடும். நசுங்கித் துண்டான புழுவும் மீண்டு வளரக்கூடியது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணம் தானாகப் புரியும். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, இது உண்மையான தட்டைப்புழுக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல, ஏசீல் என்ற வேறு கூட்டம் என்று விலங்கியலாளர்கள் பிரித்துவிட்டார்கள். தட்டைப்புழு மருந்து இதற்கும் வேலை செய்கிறது என்பதால் நமக்கு நடைமுறையில் வித்தியாசம் இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாதவை சில உண்டு. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளித் துள்ளி ஓடுவது கோபிபாட். அது இருப்பது தொட்டி ஆரோக்கியமாக இருப்பதற்கு அடையாளம். பாறை இடுக்கிலிருந்து முடி முடியாக நீண்டு வருவதும், இரவில் மயிர்க்கால்களோடு ஊர்வதும் வேறு புழுக்கள். கழிவைத் தின்று உதவி செய்பவை, விட்டுவிடுங்கள். மஷ்ரூம், லெதர் கோரல் மேல் தட்டையான பழுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருந்தால் அது வாமினோவா என்ற இன்னொரு ஏசீலாக இருக்கலாம். அதற்கும் இதே சிகிச்சைதான்.

இலை வடிவில், ஓரம் அலையலையாக, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக ஒன்று இரவில் தென்பட்டால் அது பாலிகிளாட். அது உண்மையான தட்டைப்புழு, வேட்டைக்காரன். தொட்டியில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் காலி ஓடாகக் கிடந்தால் இதன்மேல் சந்தேகப்படுங்கள். பாலிகிளாட்டுக்கு மருந்து தேடி அலையவேண்டாம். விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சோடு உட்கார்ந்து, கண்ணில் பட்டதும் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுப்பதே சுலபம்.

அடையாளத்தில் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு புழுவை உப்புத்தண்ணீரோடு சின்ன பாட்டிலில் எடுத்து, நுண்ணோக்கி இருக்கிற பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் பாருங்கள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு படம் அனுப்பிக் கேட்கலாம்.

எங்கிருந்து வருகிறது?

தானாக முளைக்காது. ஃப்ராக் எனப்படும் பவளத் துண்டு ஒட்டியிருக்கும் சின்ன அடித்தட்டான பிளக்கின் அடியிலோ, பாறை இடுக்கிலோ, கடைக்காரர் தொட்டித் தண்ணீரிலோ ஒன்றிரண்டு வந்திருக்கும். சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். பஸ்ஸில் வந்த பையைப் பிரித்து, தண்ணீரோடு சேர்த்து அப்படியே தொட்டியில் கொட்டுகிற வழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கல் பவளங்கள் அத்தனையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறியும் அப்படியே. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது "லைவ் ராக், கோரல் எடுத்துத் தரேன்" என்றால் வாங்காதீர்கள். அது குற்றம் என்பதோடு, அந்தப் பாறை ஒவ்வொன்றும் அங்கே வாழும் உயிர்களின் வீடு. சிமென்ட்டில் செய்த பாறையோ, காய்ந்த பாறையோ வைத்து, மெதுவாகப் பாக்டீரியா பிடிக்கவிட்டுத் தொட்டியைத் தொடங்குங்கள். தட்டைப்புழு வருவதற்கான பெரிய வாசல் அதிலேயே அடைபடும். அக்ரோபோரா என்ற கல் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு பற்றி வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். அது கல் பவளத்தின் வியாதி, நம் ஊர் மென்பவளத் தொட்டிகளுக்குப் பொருந்தாது. ஆகவே அதற்குள் நான் போகவில்லை.

சாப்பாடு அதிகம் போட்டு, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிக்கிடக்கும் தொட்டியில் வந்த புழு சீக்கிரம் பெருகும். தீனியைக் குறையுங்கள். உறையவைத்த மைசிஸ் இறால் தீனியைத் தட்டோடு அப்படியே கொட்டாமல், வடிகட்டிக் கழுவிப் போடுங்கள். இதனால் மட்டும் புழு ஒழியாது, பெருக்கம்தான் தணியும்.

முதல் வேலை: சைஃபன்

மருந்து வாங்கி வைத்தாயிற்று என்றாலும் அலமாரியில் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் கைவேலை.

ஏர் பம்ப்புக்குப் போடும் மெல்லிய டியூப் ஒன்றரை, இரண்டு மீட்டர் எடுத்து, ஒரு முனையில் அதே அளவு கெட்டியான பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக்கூடு போதும், நன்றாகக் கழுவியிருக்கவேண்டும். குழாய் மெல்லியதாக இருந்தால்தான் தண்ணீர் குறைவாகவும் புழு அதிகமாகவும் வெளியே வரும். தடித்த குழாய் போட்டால் ஐந்தே நிமிடத்தில் தொட்டியில் பாதி காலியாகிவிடும். மறுமுனை ஒரு பக்கெட்டுக்குள். பக்கெட் வாயில் பழைய வேட்டித்துணியை நான்காக மடித்துக் கட்டிவிட்டால், எவ்வளவு புழு வந்தது என்று துணியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். துணியில் சோப்பு, நீலம், வாசனைத் தண்ணீர் எதுவும் பட்டிருக்கக்கூடாது.

நேரம் முக்கியம். விளக்குப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆனபிறகு புழுக்கள் வெளிச்சத்துக்கு வந்து பரவிக் கிடக்கும். அப்போது உறிஞ்சுங்கள். காலையில் விளக்குப் போட்ட உடனேயோ, ராத்திரி விளக்கணைத்த பிறகோ முயன்றால் பாதிப் புழு பாறைக்குள் இருக்கும். குழாய் முனையைப் புழுவுக்குப் பக்கத்தில், தொடாமல் கொண்டுபோனால் தானாக இழுத்துக்கொள்ளும். கல்லில் இறுக ஒட்டியிருப்பதை மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சால், ஊசி இல்லாமல், மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சி எழுப்பிவிட்டு உறிஞ்சலாம். பவளத்தின் மேல் முரட்டுத்தனமாகப் பீய்ச்சாதீர்கள்.

கண்ணாடியில் ஊரும் புழுவை மாக்னெட் கிளீனரால் தேய்க்கவேண்டாம். நசுங்கினால் நச்சும் வெளியே வரும், துண்டுகளும் மறுபடி முளைக்கும். முதலில் உறிஞ்சுங்கள், பிறகு கண்ணாடி துடையுங்கள்.

எடுத்த தண்ணீரைத் திரும்ப ஊற்றாதீர்கள். அதற்குப் பதில், முன்கூட்டியே கலந்து வைத்த உப்புத்தண்ணீரால் நிரப்புங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படிச் செய்தால் இரண்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற கூட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். சம்பை மறக்காதீர்கள். மேலே தொட்டி சுத்தமாக இருந்தும் மறுபடி மறுபடி வருகிறது என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் சம்பின் கண்ணாடியில், தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் பக்கத்தில் புழு படிந்திருக்கும்.

சிலர் இங்கேயே ஜெயித்துவிடுவார்கள். சின்னத் தொட்டி, கொஞ்சம் பாறை, பொறுமையான கை இருந்தால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். நான் மனப்பூர்வமாக விரும்புவதும் அதைத்தான்.

விளக்கை மூன்று நாள் அணைத்து வைத்தால் புழு செத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் வாடும், முழுக்க ஒழியாது. உள்ளே பாசி வைத்து வாழ்வது பவளமும்தான், அதற்கும் அந்த மூன்று நாள் பட்டினிதான். புழுக் கூட்டம் சில சமயம் தானாகவே சரிந்துபோவதும் உண்மை. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். கூட்டம் பெருத்து நிற்கும் நேரத்தில் தானாகச் சரிந்தாலும் அதே நச்சுதான் தண்ணீரில் கலக்கும்.

மருந்துக்கு முன்னால்

கையால் எடுத்து எடுத்து, ஒருநாள் முழுக்கத் தேடினாலும் சில புழுக்களே கண்ணில் படுகிற நிலை வரட்டும். அப்போதுதான் மருந்து. உலகம் முழுக்க ரீஃப் வைத்திருப்பவர்கள் இதற்கு அதிகம் பயன்படுத்துவது சாலிஃபெர்ட் நிறுவனத்தின் ஃபிளாட்வார்ம் எக்ஸிட். நம் ஊர்க் கடைகளில் கேட்ட உடனே கிடைக்காது, சென்னையிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைக்கவேண்டும்.

மாட்டாஸ்பத்திரியில் தரும் லெவமிசோல் பூச்சி மருந்தை ஊற்றலாமா என்று கேட்பார்கள். புதிதாக வந்தவர்கள் அதில் கைவைக்கவேண்டாம். நம் நாட்டில் ஆடு மாடுகளுக்கு விற்கும் புட்டிகளில் லெவமிசோலோடு ஆக்ஸிக்ளோசனைடு போன்ற வேறு மருந்தும் கலந்து வருவது சகஜம். அது தொட்டிக்கு வேண்டாத சரக்கு. ஃபென்பெண்டசோலும் வேண்டாம். அது பாறையில் ஊறித் தங்கி, நத்தைகளையும் கிரீன் ஸ்டார் பாலிப் போன்ற மென்பவளங்களையும் பதம் பார்த்துவிடும். மீன் வியாதிக்குப் போடும் காப்பர் மருந்தை ரீஃப் டாங்க் பக்கமே கொண்டுவரக்கூடாது.

தொட்டியில் உண்மையாக எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். கடைக்காரர் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 90 நீளம், 45 அகலம், தண்ணீர் 40 உயரம் என்றால் 162 லிட்டர். பாறையும் மணலும் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சுமார் 20 லிட்டர் கழித்துக்கொள்ளுங்கள். சம்பில் 40 லிட்டர் ஓடுகிறது என்றால் அதைக் கூட்டுங்கள். ஆக, மருந்து போடவேண்டியது 180 லிட்டருக்கு. அளவு புட்டியின் லேபிளில் எழுதியிருப்பதுதான்.

தண்ணீர்: மொத்தத்தில் 30 சதவீதமாவது மாற்றுவதற்கு உப்புத்தண்ணீர் தயாராக இருக்கவேண்டும். மேலே சொன்ன தொட்டிக்கு 55, 60 லிட்டர். அதற்கு ஏறக்குறைய இரண்டு கிலோ சால்ட் மிக்ஸ் பிடிக்கும். முதல்நாளே ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, பம்ப் போட்டு ஓடவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் கடலோரப் போர் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. அதை நேராகப் பயன்படுத்தாதீர்கள். "கடல் பக்கத்துலதானே இருக்கு, ஒரு கேன் மொண்டு வந்தா என்ன?" என்று தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளமாகக் கலக்கும்போது கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்துவிடும், சேறும் சாக்கடையும் சேர்ந்து வரும். தொழிற்சாலைகள் நிறைந்த உப்பனாற்று முகத்துவாரப் பக்கம் எந்த மாதத்திலும் மொள்ளாதீர்கள். சிகிச்சை நாளுக்குக் கலவை உப்புதான் நம்பகமானது.

கார்பன்: நச்சை உறிஞ்சும் கரி இது. வழக்கமாகப் போடுவதைப்போல இரண்டு மூன்று மடங்கு, ஆர்.ஓ. தண்ணீரில் கரித்தூள் போகும்வரை கழுவி, பையில் கட்டித் தயாராக வைத்திருங்கள். பழைய கார்பன் உதவாது, புதிதாக வேண்டும்.

கரண்ட்: இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நச்சு பரவும் நேரத்தில், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் பம்ப்பும் நின்றால் மீன்களுக்கு வேறு வழியே கிடையாது. மின்துறை பராமரிப்பு நிறுத்தம் அறிவித்த நாளையோ அதற்கு முந்தின நாளையோ தேர்ந்தெடுக்காதீர்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றாவது கைவசம் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் எண்ணவே வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வெயில்: தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். கத்திரி வெயிலில் சில்லர் இல்லாத தொட்டி 30 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது மருந்து போட்டால் மீன் இரண்டு பக்கமும் அடிவாங்கும். தொட்டி 25, 26 டிகிரியில் நிற்கிற நாளாகப் பாருங்கள். மாசி மாதம் நல்ல காலம்.

கடைசியாக ஒரு சோதனை. உறிஞ்சி எடுத்த புழுவில் பத்துப் பதினைந்தை ஐந்து லிட்டர் தொட்டித் தண்ணீரில் விட்டு, அந்த ஐந்து லிட்டருக்கு உண்டான மருந்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சுருண்டு செத்தால் மருந்து சரியாக இருக்கிறது. சாகவில்லை என்றால் வெயிலில் அலைந்து வந்த பழைய சரக்காக இருக்கலாம். பெரிய தொட்டியில் ஊற்றிவிட்டுத் திண்டாடுவதைவிட ஒரு பக்கெட்டில் தெரிந்துகொள்வது மேல்.

மருந்து போடும் நாள்

விடுமுறை நாளாக இருக்கட்டும். காலையில் தொடங்கினால் பகல் முழுக்க நீங்கள் பக்கத்தில் இருக்கமுடியும். மருந்தை ஊற்றிவிட்டு ஆபீஸுக்குப் போகிற வேலை இது அல்ல. இரவிலும் வேண்டாம்.

விளக்குப் போட்டு, புழுக்கள் வெளியே வந்ததும், கண்ணில் படுவதை எல்லாம் கடைசியாக ஒருமுறை சைஃபன் செய்துவிடுங்கள். அதன்பிறகு கார்பனை வெளியே எடுங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் மீடியாவும் வெளியே. ஸ்கிம்மர், யூ.வி. இருந்தால் அதுவும், அணைத்து வையுங்கள். இவை எல்லாம் மருந்தை உறிஞ்சிவிடும், சிதைத்துவிடும். ரிட்டர்ன் பம்ப்பும் பவர்ஹெட்டும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், மருந்து சம்ப் வரைக்கும் சுற்றிவரவேண்டும். ஏர் பம்ப்பில் கல் கட்டித் தொட்டியில் குமிழி விடுங்கள்.

மருந்தை ஒரு மக் தொட்டித் தண்ணீரில் கலக்கி, ஓட்டம் அதிகமான இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். பவளத்தின் மேல் நேராக விழவேண்டாம்.

அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வித்தியாசம் தெரியும். புழுக்கள் நெளிந்து, பிடிவிட்டு, தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். நீங்கள் இல்லை என்று நினைத்திருந்த இடங்களிலிருந்தெல்லாம் வெளியே வரும், திகைக்கவேண்டாம். மெல்லிய குழாயும் சன்னமான வலையுமாக உட்கார்ந்து, வருவதை உடனுக்குடன் எடுங்கள். செத்த ஒவ்வொரு புழுவும் தொட்டிக்குள் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் நச்சைக் கசியவிடுகிறது. இத்தனை நாள் கையால் எடுத்ததன் பலன் இந்த ஒரு மணி நேரத்தில்தான் தெரியும்.

மீனின் செவுளைப் பாருங்கள். அதன் வழக்கமான மூச்சின் வேகம் உங்களுக்கு முன்பே பழகியிருக்கவேண்டும். செவுள் படபடவென்று அடித்தாலோ, மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, பக்கவாட்டில் சாய்ந்தாலோ, தண்ணீரில் செம்பழுப்புச் சாயம் தெரிந்தாலோ எதற்கும் காத்திருக்காதீர்கள். எல்லாப் புழுவும் செத்ததா என்ற கேள்வியே வேண்டாம். கார்பனை உடனே போட்டு, ஸ்கிம்மரை ஓடவிட்டு, தயாராக வைத்த தண்ணீரை மாற்றுங்கள். ரொம்பவும் துவண்ட மீனை, அதே வெப்பத்தில் இருக்கும் புதிய உப்புத்தண்ணீர் பக்கெட்டில் ஏர் கல்லோடு விட்டுவிடலாம். பாதிப் புழுதான் ஒழிந்தது என்றாலும் பரவாயில்லை. மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், செத்த மீன் திரும்ப வராது.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால், லேபிளில் சொன்ன நேரம் ஆனதும், மிதப்பதும் குறைந்ததும், இதே வேலைகளை வரிசையாகச் செய்யுங்கள்: அடியில் தங்கியதை உறிஞ்சியபடியே 30 சதவீதம் தண்ணீர் மாற்றம், கார்பன், ஸ்கிம்மர். ஸ்கிம்மர் கொஞ்சநேரம் பொங்கி வழியும், கப்பை அடிக்கடி கவிழ்த்துக் கழுவுங்கள். அன்றைக்கு மீனுக்குத் தீனி வேண்டாம். மறுநாள் கார்பனை மாற்றிப் புதிதாகப் போடுங்கள். அமோனியா டெஸ்ட் கிட் இருந்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாறைக்குள் செத்துக் கிடப்பது அழுகும்போது ஏறும்.

மென்பவளங்கள் இரண்டு மூன்று நாள் சுருங்கி இருக்கலாம். அதற்காக இடம் மாற்றி, வெளிச்சம் மாற்றி அலைக்கழிக்காதீர்கள். விட்டுவிட்டால் தானாக விரியும்.

இரண்டாம் முறை

ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு டோஸ், புழு கண்ணில் படாவிட்டாலும். முதல்நாள் பாறையின் ஆழத்திலும் குழாய் வளைவிலும் மருந்து சரியாக எட்டாமல் தப்பியவை இருக்கும். மொட்டுவிட்டுப் பெருகும் உயிரில் ஒன்று மிஞ்சினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும் என்பதை மேலே பார்த்தோம். இரண்டாம் முறையும் அதே ஏற்பாடுகள்: கலந்து வைத்த தண்ணீர், புதிய கார்பன், ஏர் பம்ப். பெரும்பாலானவர்கள் முதல்முறை கவனமாக இருந்துவிட்டு, "இனி என்ன" என்று இரண்டாம் முறை அசட்டையாக ஊற்றுகிறார்கள். வேண்டாம்.

அதன்பிறகும் இரண்டு மூன்று மாதம் வாரத்துக்கு ஒருநாள் டார்ச்சும் போனும் வைத்துக்கொண்டு மணல், சம்ப், பவளத்தின் அடிப்பக்கம் பாருங்கள். ஒன்று தெரிந்தால் அன்றைக்கே சைஃபன்.

மீன் விட்டால் தின்றுவிடுமா?

சிக்ஸ்லைன் ராஸ், மஞ்சள் கோரிஸ், மெலனூரஸ் போன்ற ராஸ் மீன்கள் தட்டைப்புழுவைக் கொத்தும். எல்லாம் கொத்துவதில்லை, ஒரு வீட்டில் சுத்தம் செய்த அதே வகை மீன் இன்னொரு வீட்டில் திரும்பிக்கூடப் பார்க்காது. சிக்ஸ்லைன் பழகிவிட்டால் பின்னால் வரும் சின்ன மீன்களை விரட்டும். ராஸ் எல்லாமே குதிக்கும், தொட்டிக்கு வலைமூடி கட்டாயம். புழு கொஞ்சமாக இருக்கும்போது கூடுதல் காவலுக்கு ஒரு ராஸ் வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் அதை மட்டும் நம்பி மற்ற வேலைகளை விட்டுவிடாதீர்கள்.

மாண்டரின் மீனை இதற்காக வாங்கவே வாங்காதீர்கள். அது கோபிபாட் தின்று வாழும் மீன். புதிய தொட்டியில் மெலிந்து சாகும். நீல வெல்வெட் கடல்நத்தை என்று ஒன்று உண்டு, கெலிடோனூரா வேரியன்ஸ். தட்டைப்புழுவைத் தவிர வேறு எதையும் தின்னாது. புழு தீர்ந்ததும் அதற்கு உணவு கிடையாது, பட்டினியில் சாகும். பவர்ஹெட்டில் மாட்டி அரைபடவும் வாய்ப்பு அதிகம். அழகான உயிர். அடுத்து யார் தொட்டிக்கு அனுப்பப்போகிறோம் என்று தெரியாமல் அதைக் கொண்டுவருவது நியாயமில்லை.

இனி உள்ளே வரும் ஒவ்வொன்றும்

புதிய ஃப்ராக் வந்தால், பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது. மூன்று டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் தொட்டித் தண்ணீரும், பவளத்தை முக்கிக் கழுவும் மருந்தான கோரல் டிப்பும், லேபிளில் சொன்ன அளவு, சொன்ன நேரம். அந்த நேரம் முழுக்க சிரிஞ்சால் பவளத்தைச் சுற்றியும் அடியிலும் மெதுவாகப் பீய்ச்சுங்கள். அடியில் விழுவதைப் பார்த்தாலே கடையில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வெறும் தொட்டித் தண்ணீர், அலசுவதற்கு. முடிந்தவரை பழைய பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, சூப்பர் குளூ ஜெல்லால் புதிய பிளக்கில் ஒட்டுங்கள். டிப் முட்டைகளைக் கொல்லாது, வேறு வகைப் புழுக்கள் முட்டையிடுவதும், இந்தப் புழு ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் அந்தப் பிளக்கின் அடியில்தான்.

பிறகு தனித் தொட்டி. 20, 30 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு சின்ன பவர்ஹெட், ஒரு விளக்கு போதும். மணலும் பாறையும் வேண்டாம், வெறும் தரையில்தான் புழு கண்ணில் படும். நான்கிலிருந்து ஆறு வாரம் அங்கேயே இருக்கட்டும். வாரம் ஒருமுறை மறுபடி டிப். இடமில்லை, பொறுமையில்லை என்று சொல்பவர்களிடம் நான் கெஞ்சிக்கூடக் கேட்பேன்: மேலே படித்த அத்தனை வேலையையும்விட இந்தச் சின்னத் தொட்டியைப் பராமரிப்பது சுலபம்.

வலை, சிரிஞ்சு, சைஃபன் குழாய், மாக்னெட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த தொட்டியில் பயன்படுத்துங்கள். உப்பில்லாத தண்ணீரை இந்தப் புழு தாங்காது.

உறிஞ்சி எடுத்த தண்ணீரையும் டிப் தண்ணீரையும் அப்படியே வாய்க்காலில் ஊற்றாதீர்கள். நம் ஊர் வாய்க்கால்கள் எல்லாம் போய்ச்சேருவது கடலில்தான். வேறு கடலிலிருந்து வந்த புழுவை நம் கரையில் இறக்கிவிடும் வேலையை நாம் செய்யக்கூடாது. பக்கெட்டில் ஒரு பிடி பிளீச்சிங் பவுடரைக் கலந்து, மூடி, ஒருநாள் முழுக்க வைத்திருந்து பிறகு கழிவறையில் ஊற்றுங்கள். அந்த பக்கெட்டை மறுபடி தொட்டி வேலைக்கு எடுக்காமல், மேலே பெரிதாக எழுதித் தனியாக வைத்துவிடுங்கள்.